ஏழாம் அடுக்கில் ஒரு சங்கு

வாசலில் ‘டாக்டர்’ என்று பலகை மாட்டினால் இருமலோடு ஆட்கள் வரத்தான் செய்வார்கள். கல் டாக்டர் வீட்டுக்கு இருமல், மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாம் வந்திருக்கின்றன. ஒரு தடவை சாப்பிட மறுத்த நாய்க்குட்டிகூட வந்தது. தான் வாங்கியது பாறைகளைப் பற்றிய டாக்டர் பட்டம் என்று அவர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக விளக்குவார். “அப்ப கிட்னியில வர்ற கல்லா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பலகையைக் கழற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஆனால் மனசு வரவேண்டுமே! பட்டம் வாங்கி முப்பத்து நாலு வருஷம் ஆகி, பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வும் பெற்ற பிறகும், அந்தப் பலகையைத் துடைக்கும்போதெல்லாம் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பட்டம் கிடைத்தது ஊர் எல்லையில் இருந்த பழைய சுண்ணாம்புக்கல் குவாரியின் புண்ணியத்தில். அதைப் பற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதித் தள்ளியிருந்தார். முழுதாகப் படித்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்: எழுதியவரும், தட்டச்சு செய்தவரும். தட்டச்சு செய்தவர் நடுவில் தூங்கிப்போனதற்கு நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஆதாரம் இருக்கிறது. அப்படியும் யாராவது குவாரி என்று வாயெடுத்தால் போதும், இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். கேட்பவருக்கு உடனே ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

இந்தத் தடவை வாயெடுத்தது அவருடைய அக்கா. காலையில் போன் செய்து, குவாரியில் பம்பை நிறுத்திவிட்டார்களாம் என்றாள். கல் எடுப்பது நின்று பல வருஷம் ஆகியும், ஊற்றுத் தண்ணீர் ஏறாமல் இருக்க இறைத்துக்கொண்டே இருந்தார்கள். இனிமேல் இறைப்பதாக இல்லை. ஒரு மழைக்காலம் போனால் குவாரி ஏரியாகிவிடும். நாளையோடு கேட்டையும் வெல்டிங்கில் பற்றவைத்து மூடப்போகிறார்கள்.

“அவர் சொன்ன சங்கு அங்க இருக்கா இல்லையான்னு என் கண்ணால பாக்கணும். இன்னிக்கே கூட்டிட்டுப் போ,” என்றாள் அக்கா.

வெயிலாக இருக்குமே என்று கல் டாக்டர் இழுத்துப் பார்த்தார். காரணம் இருக்கிறது.

‘அவர்’ என்றால் அக்காவின் வீட்டுக்காரர், இவருக்கு அத்தான். போன வருஷம்தான் தவறிப்போனார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே குவாரியில் துளை போட்டவர். பாறையின் மேல்தளத்தைச் சுத்தம் செய்து, வரிசையாகத் துளை போட்டு, அதில் வெடிமருந்து திணித்துக் கொளுத்தினால், துளைகள் போன கோட்டிலேயே பாறை பிளந்து விழும். அந்தக் கோடு அத்தானின் கையில் இருந்தது. நூல் பிடித்த மாதிரி போடுவார் என்று பெயர். வாய்தான் அதிகம் திறக்காது.

இவருக்குப் பட்டம் கிடைத்த மறு வாரம் அக்கா வீட்டில் விருந்து. நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். புது டாக்டர் ஒரு மணி நேரமாகக் கல்லையும் கடலையும் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் கொட்டாவியை மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அத்தான். அவருக்கும் அன்றைக்கென்று பேச ஆசை வந்துவிட்டது. ஏழாம் அடுக்கின் மேல்தளத்தைக் கழுவும்போது ஒரு சங்கைப் பார்த்தாராம். கல்லோடு கல்லாகச் சுருண்டு கிடந்ததாம், சைக்கிள் சக்கரம் அளவுக்கு. அதை உடைக்க மனசு வரவில்லை. துளைக் கோட்டையே வளைத்துக்கொண்டு போய், சங்கை அப்படியே விட்டுவிட்டாராம். கோணல் கோடு போட்டதற்கு மேஸ்திரி அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தாராம்.

கல் டாக்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா?

“அத்தான், ஏழாம் அடுக்கை இன்னும் வெட்டவே ஆரம்பிக்கலியே! அது தரைக்கு அடியில கிடக்கு. கனவுல போய்ப் பார்த்துட்டு வந்தீங்களா?”

மேசையே குலுங்கிச் சிரித்தது. ஒரு மணி நேரச் சொற்பொழிவில் சபை ரசித்த ஒரே வரி அதுதான். அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். படித்தவங்க சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று முணுமுணுத்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்தார். அப்புறம் சாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஆனால் குடும்பம் விடுமா? அன்றிலிருந்து அவர் பெயர் ‘சங்கு மாமா’. யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், “இதென்ன, சங்கு மாமா கணக்கா?” என்பார்கள். பெற்ற பிள்ளைகளே சொன்னார்கள். அக்கா முப்பத்து நாலு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு பரிமாறினாள்.

குவாரிக்குக் கல் டாக்டர் புறப்பட்ட கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். தாடையில் நாடா கட்டிய தொப்பி, இடுப்பில் சுத்தியல், கழுத்தில் பூதக்கண்ணாடி, கக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய துணி ஒன்றும் எடுத்துக்கொண்டாள். துணி எதற்கு என்று கேட்டார். தூசி இருக்குமே என்றாள். பாறையை ஆராய்ச்சி செய்யத் துணி எடுத்துக்கொண்டு கிளம்புகிறாளே என்று இவருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வேளை, அடக்கிக்கொண்டார்.

கேட்டில் பம்ப்காரர் இருந்தார். பம்பு நின்ற பிறகு குழாய்களைக் கழற்றுவதற்காக அவரை மட்டும் வைத்திருந்தார்கள். அத்தானோடு வேலை பார்த்தவர். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று உள்ளே விட்டார். சாயங்காலத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இறங்குபாதையில் கால் வைத்ததுமே கல் டாக்டருக்குத் தொண்டை செருமியது. நாம் நடப்பது ஒரு காலத்தில் கடல் என்றார். சிப்பியும் நத்தையும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் செத்துச் செத்து அடியில் படிந்ததுதான் இந்தக் கல். ஒரு விரற்கடை படிய ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும். சுவரில் பட்டை பட்டையாகத் தெரிவதெல்லாம் அடுக்குகள். நடுநடுவே கோடு போட்ட மாதிரி மெல்லிசாகக் களிமண். மொத்தம் பதினேழு அடுக்கு, எண் கொடுத்தது ஐயா. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள்.

“ஆயிரக்கணக்கான வருஷம் சேர்ந்ததை உங்க அத்தான் சாப்பாட்டு நேரத்துக்குள்ள உடைச்சுப் போட்டுடுவார்,” என்றாள்.

குவாரியின் வரலாறும் சுவரிலேயே இருந்தது. உச்சியில் கரி பிடித்த பழைய சுண்ணாம்புக் காளவாய், நெற்றியில் வெடிப்போடு நின்றது. அதற்குக் கீழே முதல் சில அடுக்குகளில் கையால் அடித்த துளைத் தடங்கள், பருத்தும் கோணலாகவும். அதற்கும் கீழே இயந்திரம் வந்த காலம். தடங்கள் சீப்புப் பல் மாதிரி நேராக இருந்தன. கல் சுமந்த தள்ளுவண்டிகளின் தண்டவாளம் ஒரு திருப்பத்தில் கொஞ்ச தூரம் ஓடி, அந்தரத்தில் முடிந்தது. இதையெல்லாம் எழுதியிருக்கிறேன், ஐம்பத்தெட்டாம் பக்கம், என்றார் கல் டாக்டர்.

அடியில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. கீழ் நாலு அடுக்குகளைக் காணோம். ஏழாம் அடுக்கு தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. அந்த விருந்து நடந்து பல வருஷம் கழித்துத்தான் அதை வெட்டினார்கள். அத்தான் ஒருவேளை அப்போது பார்த்ததை முன்தேதி போட்டுச் சொன்னாரோ என்று இவருக்கு ஒரு விபரீத யோசனை. விருந்தில் சொன்ன கதையில் அதற்கப்புறம் நடந்தது எப்படி வரும் என்று யோசிக்க, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிய மூளைக்கு நேரமில்லை.

இரண்டு மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். ஒரு சின்னச் சிப்பிகூட இல்லை. ஒவ்வொரு கைநீளத்துக்கும் ஒரு போட்டோ எடுத்தார், பின்னால் யாரும் சரியாகத் தேடவில்லை என்று சொல்லிவிடக் கூடாதே. ஒன்றுமில்லாத பாறையை நூற்று நாலு போட்டோ எடுத்தபோது போன் அணைந்து போனது. அக்கா முகத்தைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், ‘நான் அன்னிக்கே சொன்னேனே’ என்று ஒரு அற்பன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனை விரட்டப் பார்த்தார், போகவில்லை.

அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனுஷன் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை என்றாள், தனக்குத்தானே. தண்ணீரைப் பார்த்தாள், மேலே வெளிச்சம் வந்த விளிம்பைப் பார்த்தாள், உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள்.

“ஏன்டா, வேலைக்குச் சேர்ந்தப்ப அவர் அஞ்சாவதுல இருந்தார். எங்க கல்யாணத்தப்ப ஏழு. ரிட்டையர் ஆனப்ப பதினாறு. உன் நம்பர்படி பார்த்தா, குவாரியைக் கீழேருந்து மேல தோண்டினாங்களா?”

கல் டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார்.

பாறை படித்தவர்களுக்கு அடியில் கிடப்பதுதான் மூத்தது. மூத்ததிலிருந்து எண்ணுவதுதான் முறை. இவரும் நிலத்தில் குழாய் இறக்கி எடுத்த உருளைக் கற்களைப் பார்த்து, அடியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்திருந்தார். வெட்டுகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு? அவன் முதலில் தொடுவது மேலே இருப்பதைத்தானே! மூன்று வருஷம் இந்தக் குவாரியில் அலைந்தும், நீங்கள் எப்படி எண்ணுவீர்கள் என்று ஒரு தொழிலாளியிடம்கூட இவர் கேட்டதில்லை. அத்தானிடம்கூட. கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை.

இறங்குபாதையில் குழாய் உருட்டிக்கொண்டிருந்த பம்ப்காரரைக் கூப்பிட்டு, அடுக்குகளை எங்கிருந்து எண்ணுவீர்கள் என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்த வேண்டியிருந்தது.

“மேலேருந்துதான் சார். கீழேருந்து எண்ண நாங்க என்ன மீனா?”

பதினேழில் மேலிருந்து ஏழு என்றால் கீழிருந்து பதினொன்று. பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கணக்கு. டாக்டர் விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினார். பிறகு புத்தகத்தைப் பிரித்தார். பதினொன்றாம் அடுக்கைப் பற்றி அவரே எழுதி வைத்திருந்தார்: ‘பெரிய சுருள் சங்குகள் கிடைக்க வாய்ப்புள்ள அடுக்கு இது ஒன்றே.’ அத்தானைப் பொய்யர் ஆக்கியவரும் அத்தானுக்குச் சாட்சி எழுதி வைத்தவரும் ஒரே ஆள்தான். அந்த ஆளுக்கு அந்த நிமிஷம் தண்ணீரில் குதித்துவிடலாமா என்றிருந்தது. நீச்சல் தெரியாது, அதனால் ஏறத் தொடங்கினார்.

பாதி உயரத்தில், பதினொன்றாம் அடுக்கின் மேல் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குத் தளம் விட்டிருந்தது. விளிம்பில் துளைத் தடங்கள் வரிசையாகப் போயின, நூல் பிடித்த மாதிரி. ஐம்பதடி போனதும் அந்த வரிசை சட்டென்று வெளிப்பக்கம் வளைந்தது. வளைந்து, அரைவட்டம் போட்டு, திரும்பி வந்து பழைய கோட்டில் சேர்ந்துகொண்டது. அந்த வளைவுக்குள் பாறை நாக்கு நீட்டிய மாதிரி அந்தரத்தில் நீண்டிருந்தது, அதன்மேல் கனமாகச் சுண்ணாம்புத் தூசி.

அந்த இடம் கல் டாக்டருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். புத்தகத்தின் முதல் பக்கத்துப் படமே அதுதான். நாக்கின் நட்டநடுவில் அவரே உட்கார்ந்திருக்கிறார், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, தொப்பியும் இளிப்புமாக. கீழே ஒரு வரி: ‘இயற்கையான பாறை நீட்சியின் மேல் ஆய்வாளர்.’

அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து, தண்ணீரை ஊற்றித் துணியால் தேய்த்தாள். முதலில் ஒரு வளைவு தெரிந்தது. பிறகு அதன்மேல் வரிவரியாக மேடு. தேய்க்கத் தேய்க்கச் சுற்றுக்குள் சுற்றாக உள்ளே போய், நடுவில் ஒரு பொட்டில் முடிந்தது. அம்மோனைட். கடல் இருந்த காலத்துச் சுருள் சங்கு, ஒரு சேதாரமும் இல்லாமல். டாக்டர் சாண் வைத்து அளந்தார். சைக்கிள் சக்கரத்தைவிட ஒரு சாண் பெரியதாகவே இருந்தது. அத்தான் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்.

பாவி, இதன்மேல் உட்கார்ந்து சாப்பாடும் அல்லவா சாப்பிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். மூன்று வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், துடைத்துப் பார்த்திருந்தால் போதுமே. கண் கலங்கிவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்.

“அன்னிக்கு நானும் சிரிச்சேன்டா,” என்றாள் அக்கா.

“நான் அடிச்ச ஜோக்குக்குத்தானேக்கா.”

“ஜோக்கு உன்னுது. சிரிப்பு என்னுது.” ஈரத் துணியை மடியில் மடித்து வைத்தாள். “அத்தனை பேர் சிரிச்சப்பவும் அவர் யாரையும் பாக்கல. என்னைத்தான் பாத்தார். நான் சிரிச்சிட்டிருந்தேன்.”

வாழ்க்கையில் முதல் தடவையாகக் குவாரியில் நின்றுகொண்டு கல் டாக்டர் பேசாமல் இருந்தார். அடுத்த தடவை எல்லாரும் கூடும்போது, அதே மேசையில் வைத்து இதை நீதான் சொல்ல வேண்டும், ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்றாள் அக்கா. சொல்கிறேன் என்று தலையாட்டினார்.

போட்டோ எடுக்கப் போனை எடுத்தபோதுதான் அது அணைந்துபோன ஞாபகம் வந்தது. ஒன்றுமில்லாத பாறைக்கு நூற்று நாலு, சங்குக்கு ஒன்றுகூட இல்லை. அக்காவுடையதும் பம்ப்காரருடையதும் பட்டன் போன். மறுநாள் விடிந்ததும் கேமராவோடு ஓடினார், கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். மனு எழுதினார், முன்னாள் பேராசிரியர் என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டு. அனுமதிக் கடிதம் மழைக்காலம் முடிந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனபோது பச்சைத் தண்ணீர் மேல் மூன்று அடுக்குகளை மட்டும் விட்டுவைத்திருந்தது. காளவாயின் நிழல் அதில் ஆடியது.

அக்காவின் மகள் புது வீட்டுக்குக் குடிபோனதற்கு எல்லோரும் கூடினார்கள், அக்கா வீட்டில், அதே நீள மேசையில். கல் டாக்டர் எழுந்து நின்று சொன்னார். மீன் கணக்கைச் சொன்னார், அற்பன் கால்மேல் கால் போட்டதைச் சொன்னார், சங்கின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொன்னார். தன்னைத் தானே இவ்வளவு நன்றாகத் திட்டிக்கொள்ள வரும் என்று அவருக்கே தெரியாது. கொட்டாவி விடாமல் கேட்டார்கள். முடித்ததும் அக்காவின் மருமகன், இன்ஜினியர், போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். இருக்கும் ஒரே போட்டோவை இவர் புத்தகத்தில் பிரித்துக் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது.

“மாமா, இதுல உங்க பேன்ட்தான் தெரியுது. சங்கு எங்க?” என்றார் மருமகன்.

மேசையே குலுங்கியது. சங்கு மாமா போய் இப்போது சங்கு டாக்டரா என்று ஒரு குரல். இனிமேல் வருகிறவர்கள் அதையும் சேர்த்துப் பலகையில் படிக்கட்டும் என்று இன்னொரு குரல். யாருக்கோ புரை ஏறியது. கல் டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார். காது மடல் இப்படிச் சுடும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அத்தானுக்கு அது சாகும்வரை தெரிந்திருந்தது. அவரையறியாமல் அவர் கண் யாரையும் பார்க்காமல் அக்காவை மட்டும் தேடியது.

அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இருக்கு. நான் பார்த்தேன்,” என்றாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து மறுபடியும் சொன்னாள். “ஏழாம் அடுக்குல. மேலேருந்து எண்ணணும்.”

ஒவ்வொருவராகத் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள்.